மார்ஃபின் மாத்திரையை வீட்டில் பாதுகாப்பாகக் கொடுப்பது எப்படி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அப்பாவுக்கு 64 வயது. நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது. மார்ஃபின் 10 மி.கி. மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அது போதை மருந்து, பழகிவிடும், மூச்சை நிறுத்திவிடும், கடைசி கட்டத்தில்தான் கொடுப்பார்கள்" என்று சித்தப்பா சொன்னதால், அப்பா வலியில் கத்தும்போது மட்டும் ஒன்று கொடுக்கிறீர்கள். கொடுத்தால் தூங்குகிறார், கொடுக்காவிட்டால் அழுகிறார். எப்படிக் கொடுத்தால் பாதுகாப்பு என்று கேட்கிறீர்கள். "என் கையால் கொடுக்கிற மாத்திரையால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்ற உங்கள் பயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் பல வருடங்களாகப் பாலியேட்டிவ் கேர், அதாவது கடும் நோயில் வலியையும் அவதியையும் தணிக்கும் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர். மார்ஃபின் எழுதுவதும், எழுதிய மாத்திரை வீட்டில் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்ப்பதும்தான் என் வேலையில் பெரும்பகுதி. ஆனால் உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவும் என்னிடம் இல்லை. அதனால் டோஸை ஏற்றுங்கள், இறக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதை எழுதிக் கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்ன டோஸை எப்படிக் கொடுப்பது, எதைக் கவனிப்பது, எப்போது அவசரமாக ஓடுவது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் மாற்ற வேண்டியது, வலி வந்தபிறகு கொடுக்கும் பழக்கத்தை. உங்களிடம் இருப்பது சாதாரண மார்ஃபின் மாத்திரை. விழுங்கி அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், சுமார் ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், நான்கு மணி நேரத்தில் தணிந்துவிடும். வலி முற்றியபிறகு கொடுத்தால், பால் பொங்கி வழிந்தபிறகு அடுப்பை அணைக்கிற கதைதான். அந்த ஒரு மணி நேரம் அவர் துடிக்கிறார், பிறகு அசதியில் தூங்குகிறார், விழிக்கும்போது மருந்து இறங்கி வலி மறுபடி ஏறியிருக்கிறது. நீங்கள் சொல்கிற தூக்கமும் அழுகையும் பெரும்பாலும் இந்தச் சுழற்சியால் வருபவை என்றுதான் நினைக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2. இரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக, 10 மணிக்கு இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் வயதும் சிறுநீரகமும் பார்த்துத்தான் அதைச் செய்வோம். சீட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். ஒரு வீட்டில், படுக்க முடியாததால் மேஜைமேல் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார் ஒருவர். மாத்திரை எங்கே என்று கேட்டதும், அவர் மனைவி அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்தார். அட்டையில் இரண்டே மாத்திரைதான் பிரித்திருந்தது. கொடுத்தால் இவர் எழுந்திருக்காமல் போய்விடுவாரோ என்ற பயத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். அன்று மாலை ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் தலையைத் தூக்கி, "கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றார். அந்த அம்மாவின் பயத்தில் தவறே கிடையாது. இந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை, அதுதான் குறை.

இப்போது மூச்சு விஷயம். மார்ஃபின் மூச்சைக் குறைக்கும் என்பது உண்மை. அளவு மீறினால் உயிர் போகும் என்பதும் உண்மை. ஆனால் டோஸைப் படிப்படியாக ஏற்றி வாய் வழியாகக் கொடுக்கும்போது, மூச்சு குறைவதற்கு முன்னால் தூக்கம் ஆழமாகும். வீட்டில் இருப்பவர் பார்க்கக்கூடிய எச்சரிக்கை அது. ஒவ்வொரு வேளை மாத்திரைக்கு முன்பும் அப்பாவைக் கூப்பிடுங்கள். கண் திறந்து, நீங்கள் யார் என்று தெரிந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி தூங்கினால் பயமில்லை. அதிலும் முதல் மூன்று நான்கு நாள் தூக்கம் அதிகமாகத்தான் இருக்கும். பல வாரமாக வலியில் தூங்காத உடம்பு அது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் சொக்கி விழுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் உளறுகிறார் என்றால் அடுத்த மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். உலுக்கினாலும் எழவில்லை, நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணும்போது மூச்சு எட்டுக்கும் கீழே இருக்கிறது, தொண்டையில் கரகரவென்ற குறட்டை, உதடு நீலம், கண்மணி குண்டூசித் தலை அளவு சுருங்கியிருக்கிறது என்றால், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வந்தவர்களிடம் "மார்ஃபின் எடுக்கிறார்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதற்கு நலோக்சோன் என்ற முறிவு ஊசி இருக்கிறது. மார்ஃபின் என்று தெரிந்தால்தான் அதை எடுப்பார்கள்.

அப்பா நெடுங்காலம் பீடி, சிகரெட் பிடித்தவரா, படுத்தால் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருபவரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் மார்ஃபின் கொடுப்போம், ஆனால் குறைந்த அளவில் தொடங்குவோம். மூச்சுத்திணறலையே தணிக்கக் குறைந்த டோஸ் மார்ஃபின் கொடுப்பதும் எங்கள் பிரிவில் வழக்கம்தான். ஆனால் புற்றுநோய் வலிக்கு இருக்கிற அளவு திடமான ஆதாரம் அதற்குக் கிடையாது. சமீபத்திய ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

மார்ஃபின் தனியாக ஆளைக் கொல்வதைவிட, வேறு மருந்தோடு சேரும்போது ஆபத்தாவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அப்பா தூங்கவில்லை என்று தெருமுனை கிளினிக்கில் சொன்னால் அல்பிரஸோலமோ குளோனஸெபாமோ மாதிரி தூக்க மாத்திரை எழுதித் தருவார்கள். இருமலுக்குக் கோடீன் கலந்த சிரப் வாங்குவீர்கள். நரம்பு வலிக்கு ஏற்கெனவே பிரிகாபலின் ஓடிக்கொண்டிருக்கும். இவை ஒவ்வொன்றும் தூக்கத்தைக் கூட்டும், மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சையும் குறைக்கும். இப்படிப்பட்ட தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் (மார்ஃபின் குடும்ப மருந்துகள்) சேருவது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டிப் போட வைத்தது. இந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. பிரிகாபலினும் மார்ஃபினும் சேர்த்து நானே எழுதுகிறேன். ஆனால் ஒரே டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மது மட்டும் பேச்சுக்கே இடமில்லாமல் நிறுத்த வேண்டும். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் என்றால் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ஃபின் ஈரலில் மாறி, அந்த மாறிய பொருள் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதுவும் வீரியமுள்ளதுதான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தால், அந்த மாறிய பொருள் உள்ளேயே தேங்கும். நேற்றுவரை சரியாக ஒத்துக்கொண்ட அதே டோஸ் இன்று அதிகமாகிவிடும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிக்காமல் காய்ச்சலில் கிடந்தது என்பதுகூட இதற்குப் போதும். கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது, இல்லாத ஆளிடம் பேசுவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது ஆகியவை அதன் அடையாளங்கள். "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று மந்திரிக்கப் போய்விடாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

மலச்சிக்கல் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நோயாளிகள் மார்ஃபினைத் தாங்களே நிறுத்துவதற்கு நான் பார்த்த பெரிய காரணம் அதுதான். வாந்தியும் தூக்கமும் ஒரு வாரத்தில் பழகி அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்கவே அடங்காது. முதல் மாத்திரையோடு சேர்ந்தே மலமிளக்கி தொடங்கியிருக்க வேண்டும். சீட்டில் பைசகோடில், சோடியம் பிகோசல்ஃபேட், லாக்டுலோஸ் மாதிரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். வாழைப்பழமும் கீரையும் கொடுங்கள், நல்லதுதான், ஆனால் அவை மட்டும் போதாது. இசப்கோல் வேண்டாம். தண்ணீர் அதிகம் குடிக்காதவருக்கு அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் நான்காம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். குமட்டலுக்கு முதல் வாரம் மட்டும் வாந்தி மாத்திரை எழுதியிருப்பார்கள், அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள்.

சிறுநீர் அடைப்பதும் மார்ஃபினால் வரலாம், பிராஸ்டேட் வீக்கம் உள்ள வயதானவர்களுக்கு முக்கியமாக. ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் நீங்கள் இன்னொன்றை மனதில் வைத்திருக்க வேண்டும். புற்று முதுகெலும்பில் இருக்கிறது. கால் திடீரென்று தளர்கிறது, செருப்பு நழுவுவது தெரியவில்லை, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது தெரியாமல் போய்விடுகிறது, முதுகுவலி புதிதாகக் கச்சை கட்டினமாதிரி சுற்றி இறுக்குகிறது என்றால், "மாத்திரையால்தான்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறிகள் இவை. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருந்தால் நடை மிஞ்சும், இரண்டு நாள் தள்ளினால் பல சமயம் மிஞ்சுவதில்லை.

எலும்பு வலிக்கு மார்ஃபின் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் கூடவே ஓடலாம். வலி உள்ள எலும்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் நல்ல நிவாரணம் உண்டு. வலிக்காக என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு தடவை, 8 கிரே (கதிர்வீச்சின் அளவு), போதும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். அப்புறம் இதையும் கவனியுங்கள்: கதிர்வீச்சால் வலி குறைந்தபிறகு பழைய டோஸ் மார்ஃபின் அதிகமாகிவிடும். வலி இருக்கும்வரை தாங்கிய அதே அளவில் தூக்கம் கூடும். அப்போது டோஸைக் குறைக்க வேண்டும். நிறுத்துவதும் படிப்படியாகத்தான். சில வாரம் தொடர்ந்து எடுத்தபிறகு ஒரே நாளில் நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, கொட்டாவி, படபடப்பு, உடம்பு முறுக்கு எல்லாம் வரும்.

சித்தப்பா "பழகிவிடும்" என்பது இதைப் பார்த்துத்தான் இருக்கும். உடம்பு மருந்துக்குப் பழகுவது எல்லோருக்கும் நடக்கும், பிரஷர் மாத்திரைகள் சிலவற்றையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. போதைக்கு அடிமையாவது வேறு. வலியே இல்லாதபோதும் மருந்தைத் தேடுவது, ஒளித்து வைப்பது, பொய் சொல்லி வாங்குவது, வாழ்க்கை அதைச் சுற்றியே ஓடுவது எல்லாம் அதில் சேரும். புற்றுநோய் வலிக்குக் கண்காணிப்போடு மார்ஃபின் எடுப்பவர்களிடம் இது குறைவு. ஒருவருக்கும் வராது என்று சொல்ல மாட்டேன். முன்பே மதுவுக்கோ வேறு போதைக்கோ அடிமையாக இருந்தவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களுக்கும் வலி மருந்து மறுக்கப்படுவதில்லை, குறைந்த எண்ணிக்கையில் கொடுத்து அடிக்கடி வரச்சொல்வோம். ஆயுளைக் குறைக்குமா என்றால், வலிக்கு ஏற்றபடி ஏற்றிய டோஸ் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அவை நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். ஒரு பாதிப்பேருக்கு வலி மருந்து கொடுக்காமல் வைத்துச் சோதிக்க யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. "கடைசி கட்ட மருந்து" என்ற பேச்சைத் தள்ளிவிடுங்கள். மார்ஃபின் வலியின் கடுமையைப் பார்த்து எழுதப்படுகிறது, மிச்சமிருக்கும் நாளைப் பார்த்து அல்ல. கீமோ எடுத்துக்கொண்டே, வேலைக்கும் போய்க்கொண்டு மார்ஃபின் சாப்பிடுபவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

இந்தப் பயத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் வந்தபிறகு உரிமம், பதிவேடு, சிறைத் தண்டனை என்று பயந்து பல மருத்துவமனைகளும் கடைகளும் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்தின் நீமச்சிலும் உத்தரப் பிரதேசத்தின் காஜிபூரிலும் அரசே ஆலை வைத்து அபினியிலிருந்து மருந்துப் பொருள் எடுக்கிற நாடு நம்முடையது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் உடனிருந்தவர்களும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், கிராமத்து வீடுகளிலும் இந்த மாத்திரையைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்று காட்டியது. 2014இல் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போதும் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும். அதனால் மாத்திரை தீர நான்கைந்து நாள் இருக்கும்போதே போய்விடுங்கள். ஊர் விட்டு ஊர் போகும்போது சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கூடவே இருக்கட்டும்.

வீட்டில் ஒரு பழைய நோட்டு போதும். நேரம், கொடுத்த மாத்திரை, வலி பத்துக்கு எவ்வளவு, மலம் போனாரா, மீதி எத்தனை என்று எழுதுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் வலி பீறிட்டால் கொடுக்க ஒரு கூடுதல் டோஸ் எழுதியிருப்பார்கள். வழக்கமாக அது ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு, நாளுக்கு 60 மி.கி. என்றால் 10 மி.கி. அதைக் கொடுத்தாலும் அடுத்த வேளையை நிறுத்த வேண்டாம், அதற்குமுன் வழக்கம்போலக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் கூடுதல் டோஸ் தேவைப்பட்டால் அடிப்படை டோஸ் போதவில்லை என்று அர்த்தம். நீங்களே ஏற்றாமல் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்கக்கூடாது. 12 மணி நேரம் வேலை செய்யும் வகை மாத்திரைக்கு மாற்றினால் அதை நுணுக்கவோ மெல்லவோ கூடாது, 12 மணி நேர மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

அட்டை பீரோவில், பூட்டுக்குள், சாவி ஒருவரிடம் மட்டும். பேரக்குழந்தை விழுங்கினால் ஒரே மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து. உங்கள் அம்மா மூட்டுவலிக்கு ஒன்று போட்டுப் பார்த்ததாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது மறுபடி நடக்கக்கூடாது. அப்பா பழகிய டோஸ் அம்மாவுக்குப் புதிது. மூட்டுவலிக்கு இந்த வகை மருந்து பெரிதாக உதவுவதும் இல்லை. முதுகு, இடுப்பு, மூட்டு வலிக்காரர்களை ஓர் ஆண்டு பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஓபியாய்டு எடுத்தவர்கள் சாதாரண வலி மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. டிராமடால்தானே, சின்ன மருந்துதானே என்று நினைப்பதும் வேண்டாம். அதுவும் இதே குடும்பம். அளவு கூடினால் வலிப்பு வரும், மன அழுத்த மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் மோசமாகும். 2018இல் அதையும் நம் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

பின்னாளில் விழுங்க முடியாமல் போனால் ஃபென்டனில் பேட்ச் ஒட்டச் சொல்லலாம். நாளுக்கு 60 மி.கி. மார்ஃபின் அளவுக்கு ஒரு வாரமாவது பழகியவருக்குத்தான் அது பாதுகாப்பு. ஒட்டினால் 72 மணி நேரம் இருக்கும். முழு வேலை தொடங்க அரை நாளுக்கு மேல் ஆகும், எடுத்தபிறகும் தோலுக்கு அடியில் இருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டிய தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதுங்கள். புதியதை ஒட்டுமுன் பழையதை உரித்து, பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துவிடுங்கள். அதன்மேல் வெந்நீர்ப் பை, ஒத்தடம் எதுவும் வேண்டாம், சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். அதிகக் காய்ச்சலிலும் அப்படித்தான். மீதமான மாத்திரையும் பேட்சும் வாங்கிய இடத்துக்கே திரும்பப் போக வேண்டும், பக்கத்து வீட்டு நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி தூக்கிக்கொண்டு போக முடியாவிட்டால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் கேர் நர்ஸ் உண்டு. அதற்கு முன்னால், எழுதிக் கொடுத்த டாக்டரை நாளைக்கே கூப்பிட்டு இவற்றைக் கேளுங்கள்: கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் எவ்வளவு, இரவு டோஸ் ஒன்றா இரண்டா, நடுவில் கொடுக்கும் கூடுதல் டோஸ் எவ்வளவு, மலமிளக்கி எது, கதிர்வீச்சுக்கு வழியிருக்கிறதா, இரவில் ஏதாவது என்றால் எந்த நம்பருக்குப் போன் பண்ணுவது. இதுவரை விட்டுவிட்டுத்தான் கொடுத்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முழு டோஸை உடனே தொடங்குவதா, குறைத்துத் தொடங்குவதா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.